அடிபடாத மல்கோவா

வேலூர்,
2-6-1931

சௌபாக்கியவதி செல்லம்மாளுக்கு உன் புருஷன் துரைசாமி எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே மாடு கன்று, மரங்கள் எல்லாம் சுகந்தானே?

உன் அப்பா தந்த தோப்பில் மல்கோவா முற்றியிருக்கும். போன வருஷம் கிளையை உலுக்கிப் பறித்து, பாதி மண்டியிலேயே அழுகி என் மானம் போயிற்று. அதற்கு நீ வாங்கிய அடி மறந்திருக்காது. இந்த முறை வலை கட்டிய தொரட்டியால் காம்போடு பறி. பிறகு காம்பைக் கிள்ளி, பால் வடியக் கவிழ்த்து வை. நிழலில், வைக்கோல் மேல் இடிக்காமல் அடுக்கு. கீழே விழுந்ததை மட்டும் சேர்க்காதே. காயில் அடி தெரியாது. பழுத்த பிறகுதான் உள்ளே கறுத்திருப்பது தெரியும். மண்டிக்காரர் சீனிவாசன், "ஒண்ணு கூட அழுவக் கூடாதுய்யா, அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார். என் பிழைப்பு உன் கையில்.

துரைசாமி

அணைக்கட்டு,
6-6-1931

என் புருஷன் அவர்களுக்கு, செல்லம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது.

நானும் கூலிக்கு வரும் முனியம்மாவும் நீங்கள் சொன்னபடியே பறிக்கிறோம். பாதித் தோப்பு ஆயிற்று. வீடு முழுக்க வைக்கோலும் காயும். நான் வாசலில்தான் படுக்கிறேன். மாம்பால் பட்டுக் கையெல்லாம் புண்.

சரக்கு நல்லபடி வந்தால் சீனிவாசன் தன் மகள் சம்பூர்ணத்தை உங்களுக்குத் தருவதாக வண்டிக்காரர் சர்தார் பாஷா சொன்னார். "சொல்லவே பேஜாரா இருக்கும்மா, ஆனா மண்டியே பேசுது" என்றார். பொய் என்று ஒரு வரி எழுதுங்கள். வேறொன்றும் கேட்க மாட்டேன்.

உங்கள் செல்லம்மாள்

வேலூர்,
9-6-1931

செல்லம்மாளுக்கு,

உண்மைதான். 19-ந் தேதி வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அழுது ஊரைக் கூட்டாதே. உன்னைத் துரத்தவா போகிறேன்? காவல் கொட்டகையில் இருந்துகொள். சம்பூர்ணத்துக்கு வீடு வேண்டும். புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவு, பழத்தில் படாமல். அவளுக்கு மல்கோவா என்றால் உயிர். பெரிதாகப் பார்த்து ஒரு கூடை தனியாக அனுப்பு.

மீதியையும் அதே பக்குவத்தில் பறி. கல்யாணப் பந்தியிலேயே பட்டணத்து வியாபாரிகளுக்குப் பழத்தை அறுத்துக் காட்டப்போகிறார் சீனிவாசன்.

துரைசாமி

அணைக்கட்டு,
14-6-1931

துரைசாமிக்கு,

வண்டி காலையில் கிளம்பிவிட்டது. தபால் பின்னால்தான் வரும். அதற்குள் சீனிவாசன் கூடைகளைப் பார்த்து மெச்சியிருப்பார்.

மீதித் தோப்பை நான் உலுக்கினேன். மரத்துக்கு மரம் நானே ஏறி உலுக்கினேன். "இன்னாம்மா இது, அத்தினியும் அடிபட்டுப் பூடுமே!" என்று முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். விழுந்த ஒவ்வொன்றையும் துடைத்து, பால் வடித்து, முன்பு பறித்தவற்றோடு கலந்து, வைக்கோல் வைத்து அடுக்கினேன். எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. எது பறித்தது, எது விழுந்தது என்று இப்போது எனக்கே தெரியாது. சம்பூர்ணத்தின் கூடையும் அப்படித்தான்.

என் அப்பா வைத்த மரங்கள். ஏறும்போது மனசு வலித்தது. உன்னை நினைத்துக்கொண்டேன், வலி போய்விட்டது. உன்மேல் இருந்த ஆசையும் கூடவே போய்விட்டது.

முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதே சீனிவாசனிடம் சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் அத்தனை பேர் முன்னாலும் அவரே அறுப்பார். எது தேவலை என்று யோசித்துக்கொள்.

செல்லம்மாள்