எண்ணெய் மூடியில் திணித்த துணி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் சிக்னலில் புகை. பானெட் ஓரமாக, நீலமாக. பின்சீட்டில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார், நல்லவேளை. டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள். உட்கார்ந்து போக அவரால் முடியாது. கால் நீட்ட இந்தக் கிழட்டு வண்டிதான். நடுரோட்டில் தீப்பிடித்தால் அவரை எப்படி வெளியே இழுப்பேன்?

மார்ச் 5, புதன்

யாரிடமும் சொல்லாததை எழுதிவிடுகிறேன். போன மாதம் வண்டிக்குள் எண்ணெய்ப் புகை நாற்றம். அவருக்குக் குமட்டியது. எண்ணெய் ஊற்றும் மூடியில் இருக்கிற சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் வந்தது. பழைய துணியைத் திணித்து அடைத்தேன். நாற்றம் நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த வாரம் புகை ஆரம்பம்.

அதனாலா? இருக்காது. இருக்குமோ?

மார்ச் 6, வியாழன்

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வந்தோம்.

மார்ச் 7, வெள்ளி

மெக்கானிக் தம்பி வெளியூரில். போனில் கேட்டேன். "இன்ஜினுக்குள்ள சேர்ற புகைய ஒரு வால்வுதான் உறிஞ்சி எடுக்கும். வண்டிய ஓடவிட்டு, எண்ணெய் மூடியக் கழட்டி, அந்த வாய் மேல ஒரு தாள் வைங்க அக்கா. உள்ள இழுத்தா வால்வு நல்லாருக்கு. வெளிய தள்ளினா அடைப்பு." துணி விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

செய்தித்தாள் துண்டு எகிறி விழுந்தது. வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். உள்ளே ஆடவேண்டியது ஆடவில்லை. கசடு இறுகிக் கிடந்தது. அதனால்தான் முதலில் நாற்றமே. புகை வெளியேற இருந்த ஒரே வழியையும் நான் அடைக்க, எண்ணெய் இன்ஜின் ஓரமெல்லாம் பிதுங்கி, கொதிக்கிற சைலன்சர் குழாய் மேல சொட்டியிருக்கு. அய்யோ, நானேதான். மூணு வாரமா அவரைக் கொளுத்தப் பாத்திருக்கேன்.

துணியைப் பிடுங்கி எறிந்தேன். வால்வு மண்ணெண்ணெயில் ஊறுகிறது.

மார்ச் 8, சனி

காலையில் குலுக்கினேன். டக் டக் என்றது. மாட்டி, குழாயைத் துடைத்து, வண்டியைக் கிளப்பினேன். தாள் தேடப் பொறுமையில்லை. இந்த நோட்டிலேயே ஒன்றைக் கிழித்து வைத்தேன். பசக்கென்று ஒட்டிக்கொண்டது.

அவரிடம் காட்ட ஓடினேன். அவர் வாங்கிப் பார்த்தார். படிக்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது. புதன்கிழமைப் பக்கம்.

தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"புகைய நானும் பாத்தேன்," என்றார். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ இன்னும் பயப்படுவேன்னு கண்ண மூடிக்குவேன்."

புதன்கிழமையைத் திரும்ப ஒட்டிவிட்டேன், எண்ணெய் வட்டத்தோடு. இன்று சிக்னலில் புகை இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணைத் திறந்து படுத்திருந்தார்.