திரையில் எரிந்த பல்பு

ஜூலை 8, திங்கள்

ஹைடெக் லேபில் இன்று மின்சுற்றுப் பாடம். பேட்டரி, வயர், பல்பு எல்லாம் கம்ப்யூட்டர் திரையிலேயே இருக்கிறது. மவுஸால் இழுத்துச் சேர்த்தால் பல்பு எரிகிறது. நான் நடத்தினால் சுவரைப் பார்க்கும் என் பத்தாம் வகுப்பு, இன்று திரையை மொய்த்துக்கொண்டது. பேச்செல்லாம் கன்னடம். ஒன்றும் விளங்காமல் ஓரமாக நின்றேன்.

"பசங்க சத்தம் நல்லா கேக்குது, உங்க சத்தந்தான் கேக்கல, கருப்பசாமி சார்," என்றார் ஹெட்மாஸ்டர் திம்மராயன். கிண்டல்தான். ஆனால் கர்நாடக எல்லையில் இருக்கிற இந்தத் தளிக்கு வந்ததிலிருந்து என் சத்தத்தை யார் கேட்டார்கள்?

ஜூலை 9

மழை. ரூம் முழுக்க ஈரத்துணி வாடை. போனில் மகள் தர்ஷினியைத் தவிர யாரோடும் பேசவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

மே மாத லீவில் விருதுநகர் போனபோது என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள் தர்ஷினி. மூன்று வயது. பெற்ற அப்பனைப் பார்த்து! பழக்கம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான் என்றாள் என் மனைவி சுப்ரியா. திரும்பி வந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் வீடியோ கால். இப்போது அப்பா அப்பா என்று உயிரை விடுகிறாள். போனுக்கே முத்தம். இனி அழ மாட்டாள். மனமொத்த மாறுதலுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். விருதுநகரில் வேலை பார்க்கும் இந்த மாவட்டத்து ஊத்தங்கரைக்காரர் ஒருவர் இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். ஆர்டர் வந்தால் போதும். வீட்டில் எல்லாம் தயார்.

ஆகஸ்ட் 30

எந்தச் சுற்றைக் கேட்டாலும் பசங்கள் திரையில் நொடியில் போட்டுவிடுகிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அங்கே வேலையில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

ஓசூரில் வாங்கிய வயரைத் துண்டு போட்டு, நிஜ பேட்டரியும் பல்பும் கொடுத்தேன். எல்லாக் குழுவும் சுற்றைச் சரியாகப் போட்டது. ஒரு பல்பும் எரியவில்லை.

பேட்டரியா? பல்பா? ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அப்புறம்தான் கண்ணில் பட்டது. யாருமே வயரின் பிளாஸ்டிக் உறையை உரிக்கவில்லை. திரையில் வயர் தொட்டாலே போதும், அங்கே உறை ஏது? நானும் சொல்லவில்லை. திரையிலேயே பார்த்துப் பார்த்து எனக்கும் தோன்றவில்லை, மடையன்.

"கம்ப்யூட்டர்ல இது இல்லவே இல்லயே சார்!" என்றாள் சம்பங்கி. இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். பல்லால் கடித்து உரித்துக் காட்டினேன். பல்பு எரிந்தது. சிரித்தார்கள். நானும்.

நவம்பர் 18, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. லேபில் சொன்னேன். "ஹோகபேடி சார்," என்றாள் சம்பங்கி. போகாதீங்க என்கிறாள். கன்னடத்தில் அது ஒன்று மட்டும் யாரும் சொல்லாமலே புரிந்தது. மிச்ச வயரையும் ஒரு பேட்டரி, பல்பையும் என் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். சந்தோஷப்பட வேண்டிய நாள். படுகிறேனா?

நவம்பர் 24, ஞாயிறு. விருதுநகர்

கதவைத் திறந்ததும் "தர்ஷினி!" என்று கையை நீட்டினேன். ஓடிப்போய் சுப்ரியா சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"உன் கூடப் போன்ல பேசுற அப்பாதான்டி," என்றாள் சுப்ரியா.

"இல்ல. அப்பா போன்ல இருக்காக."

சாயங்காலம் வழக்கமான நேரம் வந்ததும் அப்பாவுக்குப் போன் போடச் சொல்லி ஒரே அழுகை. வேறு வழி? மொட்டைமாடிக்கு ஏறிப் போய் எடுத்தேன். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு மாமா வந்துருக்காக. எப்ப போவாக?" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் பேசினேன். வைத்த பிறகு தாங்க முடியவில்லை. என் வீட்டு மாடியில், கீழே இருக்கிறவர்களுக்குக் கேட்காமல் அழுதேன். தளி ரூமில்கூட இப்படித் தனியாக இருந்ததில்லை.

நவம்பர் 27

இன்றும் மாடியிலிருந்துதான் பேசினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று மாடி ஏறவில்லை. ஹாலில் தரையில் உட்கார்ந்து சம்பங்கி போட்டுவிட்ட பேட்டரி, பல்பு, வயர் எல்லாவற்றையும் பரப்பிச் சேர்த்தேன். உரிக்காமலே. தர்ஷினி கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் நிமிரவில்லை. ரொம்ப நேரம் கழித்து,

"அது ஏன் எரியல?"

அவள் பார்த்தது பல்பைத்தான். கேட்டது என்னிடம்.

"மேல இருக்கிறத உரிக்கணும்மா. கொஞ்ச நேரம் ஆகும்," என்றேன்.

வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளித்தான்.