என் இஸ்திரி மெஷினில் எவன் நிற்கிறான்?

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி கும்பிட்டு எழுதுவது. அத்தானுக்கு முட்டிவலி தேவலையா? நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன். சிங்கத்துக்குக் கொஞ்சம் இளைப்பு, அவ்வளவுதான்.

இந்தத் தொற்று அடங்கும்வரை ஆஸ்துமாக்காரர்கள் வெளியே வரக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அதையாவது நம்பியிருப்பேன். ஆனால் எங்கள் சலவைக்கூடத்து சூப்பர்வைசர், சிரிக்கவே தெரியாத மனுஷன், "அண்ணே, ரூம்லயே இருங்க. உங்க வேலை எங்கயும் போகாது" என்று தேனொழுகச் சொன்னான். அண்ணேயாம்! எப்போதும் "யோவ்" என்பவன். அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. அவன் மச்சான் வேலையில்லாமல் திரிகிறான். நான் ஒதுங்கினால் என் இஸ்திரி மெஷின் அவனுக்குத்தான். என்னை மாதிரி படுக்கை விரிப்பு தேய்க்க உலகத்திலேயே ஆளில்லை, அது வேறு விஷயம்.

நேற்று முகக்கவசத்துக்கு மேல் துண்டையும் சுற்றிக்கொண்டு துப்பறியப் போனேன். பின்பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தால், மச்சான் இல்லை. சூப்பர்வைசரே வியர்த்து ஊற்ற நின்று விரிப்பைக் கருக்கிக்கொண்டிருக்கிறான். என்னைக் கண்டதும், "யோவ், இங்க பாதிப் பேருக்குக் காய்ச்சல்! சாகணுமா? ஓடுய்யா!" என்று கத்தினான். அந்த "யோவ்" கேட்டதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அதனால் அறையிலேயே இருக்கப்போகிறேன். தினமும் இழுக்க வேண்டிய மூச்சு மருந்து நீலக் குப்பியா, பழுப்புக் குப்பியா என்று உங்கள் நர்சு மருமகளிடம் கேட்டுச் சொல்லுங்கள். சமைக்கும்போது போனைப் போட்டு அடுப்படியில் வைத்துவிடுங்கள். பேசக்கூட வேண்டாம், பாத்திரச் சத்தம் போதும்.

பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டுகிறான். அவன் இருமல் எனக்குச் சரியாகப் படவில்லை. திறக்க ஆசைதான், திறக்க மாட்டேன்.

உங்கள் தம்பி