முந்திச் சிரித்தவள்

மார்ச் 3

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் உன் அண்ணனின் எந்த நகைச்சுவை நிகழ்ச்சியைப் போடலாம் என்று கேட்டு நீ அனுப்பிய பென் டிரைவ் வந்தது. எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டது வினையாகிவிட்டது.

எல்லாவற்றிலும் ஒரு பெண் சிரிக்கிறாள். கூட்டம் சிரிப்பதற்கு முன்பே சிரிக்கிறாள். மூக்கில் ஆரம்பித்து விக்கலில் முடிகிற சிரிப்பு. ஜோக்கின் முடிவு தெரிந்தவள்தானே முந்திச் சிரிக்க முடியும்? புது ஜோக்கை முதலில் கேட்பவள் நான்தான், அடுப்படியில் வைத்து எனக்குத்தான் சொல்கிறார் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் ஜோக் பிடிக்காமல் மேடையை நோக்கி நாற்காலி வீசினார்களே, அன்றிலிருந்து "நீ வராதே, உனக்கு ஒண்ணு ஆயிடுமோன்னு நெனச்சா எனக்குப் பேச்சே வராது" என்று என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார். என் நாற்காலியில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்?

மைக்செட்காரன் நீ. உனக்குத் தெரியாமல் இருக்காது. மழுப்பாமல் எழுது.

அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அந்தச் சிரிப்பு யாரோ, எவரோ. நான் பொத்தானைப் பார்ப்பேனா, அரங்கத்தில் இருக்கிற ஆளைப் பார்ப்பேனா? போஸ்டரில் 'அஞ்சாத நாக்கு' என்று போட்டிருக்கிறோம். நீங்கள் வந்து இரண்டு வார்த்தை பேசினால் போதும். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

யாரோவா? போன ஊரிலெல்லாம் அதே யாரோவா? பஸ் பிடித்துக் கூடவே வந்தாளா?

மறுபடி கேட்டபோது இன்னொன்றும் கவனித்தேன். நகர்மன்றத் தலைவரை எதிரிலேயே வைத்துக்கொண்டு பாலம் ஜோக் சொன்னாரே, அந்தக் கடைசி நிகழ்ச்சியில் மட்டும் அவள் இல்லை. அடுப்படியில் அதைச் சொன்னபோது நானும் சிரிக்கவில்லை. "இதைச் சொல்லாதீங்க, உங்களச் சும்மா விடமாட்டாங்க" என்று சத்தம் போட்டு, முகம் கொடுக்காமல்தான் அனுப்பினேன். அவளும் பயந்து ஒதுங்கிவிட்டாளா?

அவள் வருகிற கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். இதற்கும் மழுப்பினால், நீயும் எனக்கு யாரோதான்.

அண்ணி

மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

யாரிடமும் சொல்வதில்லை என்று அண்ணன் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். இனி அவர் என்னைத் திட்டட்டும்.

அது நீங்கள்தான் அண்ணி.

அடுப்படியில் நீங்கள் சிரித்ததை அவர் போனில் பதிவு செய்து வைப்பார். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியாது. இந்தத் தொழிலில் தினமும் பார்க்கிறேன்.

மேடை ஏறினால் அண்ணனுக்குக் கை நடுங்கும். மைக்கை ஸ்டாண்டிலிருந்து அவர் கழற்றாதது அதனால்தான். காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்போம். எந்த ஜோக்குக்கு நீங்கள் எப்படிச் சிரித்தீர்களோ, அதற்கு அதையே போட வேண்டும். எனக்கு அவசரக்கை, எப்போதும் கொஞ்சம் முந்திவிடும். "அவ சிரிச்சுட்டான்னா அப்புறம் எவன் அடிச்சாலும் வாங்கிக்கலாம்டா" என்பார்.

கடைசி நாளில் ஸ்பீக்கரை எடுத்தபோது தடுத்துவிட்டார். "இன்னைக்கு வேணாம்டா. அவ இதுக்குச் சிரிக்கல. சிரிச்ச மாதிரி போட்டா அது பொய்."

அன்று தனியாகத்தான் சொன்னார். முடிக்கும் வரை ஸ்டாண்டை விட்டுக் கையை எடுக்கவில்லை.

உங்கள் தம்பி

மார்ச் 23

தம்பிக்கு,

நீ சொன்னதை நான் உடனே நம்பிவிடவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரியை அழைத்துப் போட்டுக் காட்டினேன். "இதென்ன கேள்வி, நீங்கதான். சுவத்துக்கு அந்தப் பக்கம் எத்தனை வருஷமாக் கேக்குறேன்" என்றாள்.

பிறகு கடைசி நிகழ்ச்சியை மறுபடி போட்டேன். "தலைவர் ரிப்பனை வெட்டுனாரு, பாலம் விழுந்துடுச்சு. அந்த ரிப்பன்தான் பாலத்தையே புடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு பாவம், அவருக்கு யாரு சொல்லியிருப்பா?"

சிரித்துவிட்டேன். மூக்கில் ஆரம்பித்து விக்கலில் முடிந்தது. அப்புறம் அழுகையை நிறுத்த முடியவில்லை. அந்த ஒரு சிரிப்பை அன்று அவருக்குக் கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

உன்னைச் சந்தேகப்பட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. கூட்டத்தில் பாலம் ஜோக்கையே போடு. தலைவர் ஆட்கள் வந்தாலும் வரட்டும், நான் முன்வரிசையில் இருப்பேன்.

அந்தச் சின்ன ஸ்பீக்கரை எடுத்துவர வேண்டாம்.

உன் அண்ணி