குழாய் நின்ற இடம்

பல் வரிசையை ஒரு நிமிடத்தில் கணினித் திரையில் காட்டிவிடும் ஸ்கேனர் என் கிளினிக்குக்கு வந்துவிட்டது. இனி யார் வாயிலும் மாவை அப்பி அச்சு எடுக்க வேண்டியதில்லை. அலமாரியில் அடைந்து கிடந்த பழைய பிளாஸ்டர் அச்சுகளை இன்று காலை கழித்துக்கொண்டிருந்தபோது, உன் பல் அச்சு கைக்கு வந்தது. சிகிச்சைக்கு முன் எடுத்தது ஒரு ஜோடி, பின் எடுத்தது ஒரு ஜோடி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளியில் நாம் ஒரே பெஞ்சு. நான் பல் மருத்துவம் படிக்கப் போனேன், நீ சங்கு குளிக்கப் போனாய். முப்பது வருடம் கழித்து ஒரு நாள் வந்து என் நாற்காலியில் சாய்ந்தாய்.

"மவ கல்யாண போட்டோவுல வாய மூடிக்கிட்டே நிக்கச் சொல்லுதியா? கிளிப்பப் போடுலே."

உனக்கு இடப்பக்கம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவே சேராது. நடுவில் விரல் நுழையும். படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து காற்று வரும் குழாயை அந்த இடத்தில் கடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் கடலடியில் மூச்சு விட்டாய். கடித்துக் கடித்து, பல்லே குழாய்க்கு இடம் விட்டு ஒதுங்கியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு கோளாறாகத்தான் எழுதிவைத்தேன்.

நான் படித்த காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டச் சொல்லித் தந்தார்கள். உன் முறை வந்தபோது பல் நிறத்திலேயே ஒட்டுகிற கிளிப் வந்திருந்தது. இப்போது கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் உறை. கருவிதான் மாறியதே தவிர எங்கள் கண் மாறவில்லை. மேலும் கீழும் கச்சிதமாகச் சேர்ந்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்.

வேலை முடிய ஒரு மாதம் இருந்தது. கையில் குழாய்த் துண்டு ஒன்றோடு வந்தாய்.

"தாடை கடுக்குலே. குழாய் முன்ன மாதிரி நிக்க மாட்டேங்கு. இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுரு."

"பழகுனா சரியாப் போயிரும்லே" என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது என் நினைப்பு உன் குழாயில் இல்லை. டாக்டர்கள் மாநாட்டில் காட்டுவதற்கு, சிகிச்சைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு படம் வேண்டியிருந்தது. இடைவெளியை விட்டுவைத்தால் வேலை தெரியாதவன் என்று சிரிப்பார்கள். நீ குழாய்த் துண்டை மேசையில் போட்டுவிட்டு, "சரி, படிச்சவன் சொல்லுதான்" என்று எழுந்து போனாய். மாநாட்டில் எனக்குக் கைதட்டினார்கள்.

உன் மகள் கல்யாணம் முடிந்த நாலாம் மாதம், படகில் இருந்தவர்கள் வெறும் குழாயைத்தான் மேலே இழுத்தார்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். உன் உடல் மறுநாள்தான் கிடைத்தது. நீரோட்டம் என்றார் ஒருவர், மயக்கம் என்றார் இன்னொருவர். பல்லைப் பற்றி யாருமே பேசவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கல்யாணப் போட்டோவை வைத்திருந்தார்கள். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிச் சிரிச்சிட்டு நிக்காவ பாருங்கண்ணே. எல்லாம் உங்க கைராசி" என்றாள். அன்றைக்கு அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்தக் குழாய்த் துண்டு இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. இன்று அதை எடுத்து முதல் அச்சின் இடப்பக்கம் செருகினேன். உதறிப் பார்த்தேன், விழவில்லை. இரண்டாவது அச்சில் நுழைய இடமில்லை. மேல்பாதியைத் தூக்கித் துண்டை இடையில் வைத்தேன், அது உருண்டு தரையில் விழுந்தது. இதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்று எனக்குள்ளேயே வாதாடினேன். வாதாடிக்கொண்டே துண்டை எடுத்து மறுபடியும் முதல் அச்சில் செருகினேன்.

மத்தியானம் முத்தையாபுரத்திலிருந்து தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். உனக்குப் பிறகு வந்த எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டேன்.

"வேலை செய்யும்போது வாயில எதையாவது பிடிச்சுக்கிடுவீங்களாம்மா?"

"குண்டூசிதான் சார். முன்னால இங்கன" என்று சிரித்துக்கொண்டே சின்ன இடைவெளியைத் தொட்டுக் காட்டினாள்.

"அத மூடணுமா, இருக்கட்டுமா?"

யோசித்தாள். "இருக்கட்டும் சார். கைக்கு உதவியா இருக்கு."

ஸ்கேனரில் இதையெல்லாம் எழுத இடமில்லை. தாளில் எழுதி அவள் கோப்பில் வைத்தேன். அவள் பல் முழுசாகச் சேராது, மாநாட்டில் காட்டவும் உதவாது. அந்தக் கோப்பின் மேல், காய்ந்துபோன உன் குழாய்த் துண்டைத்தான் பாரமாக வைத்திருக்கிறேன்.