வலது கண்ணும் பூவரசன் கட்டிய சுவரும்

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் முடிந்து இன்றுதான் ஆட்கள் வந்தார்கள். அரியலூர், ஜெயசித்ரா டீச்சர் வீடு. அஸ்திவாரம் ஏறிவிட்டது, இனிச் சுவர்தான். முன் அறையைப் பூவரசனிடம் விட்டேன். என் மனைவி அமிர்தவல்லியின் தம்பி. பன்னிரண்டு வருஷமாக என்னிடம்தான் கொத்தனார் வேலை. கலவை சரியில்லை என்று காலையிலேயே இரண்டு சித்தாள்களைத் திட்டினேன். கலவை சரியாகத்தான் இருந்தது.

வலது கண்ணில் ஒரு மங்கல். பத்து நாளாக இருக்கிறது. சிமெண்ட் தூசியாக இருக்கும். ஆனால் தூசி பத்து நாளா இருக்கும்?

ஜனவரி 22, புதன்

பெரம்பலூரிலிருந்து பைக்கில் போகும்போது இடது கண்ணை மூடிப் பார்த்தேன். எதிரே வந்த பஸ்ஸில் ஊர்ப் பெயரின் நடு எழுத்துகள் மட்டும் இல்லை. அழுக்குத் தண்ணீர் சொட்டி ஊறினது போல ஒரு வட்டம். திறந்தால் எல்லாம் சரி.

ரோட்டில் இந்தச் சோதனை செய்த புத்திசாலி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 25, சனி

கண்ணை விட்டுத்தள்ளு. முழங்கால் வலி போயே போச்சு. தீபாவளிக்கு முன் சந்தையில் வேன்காரனிடம் வாங்கிய மூலிகைப் பொடி, காலையும் மாலையும் வெந்நீரில். சாரத்தில் பையன் மாதிரி ஏறுகிறேன். பசியும் கூடியிருக்கிறது. முகம்கூடக் களையாகிவிட்டதாம், டீச்சர் சொன்னார்.

ஜனவரி 27, திங்கள்

எழுதவே கை ஓடவில்லை.

முன் அறைச் சுவர் ஒன்பது வரிசை ஏறியிருந்தது. வழக்கம்போல இடது கண்ணை மூடி ஓரத்திலிருந்து பார்த்தேன். நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. பார்த்ததும் தலைக்கு ஏறிவிட்டது.

"மாமா, குண்டு போட்டுப் பாத்துட்டேன். நேரா இருக்கு" என்றான் பூவரசன்.

தூக்குக் குண்டை மறுபடி இறக்கினான். எனக்கு அந்த நூலே வளைந்துதான் தெரிந்தது. காத்துல ஆடுது, அதை வச்சு என்னடா அளக்குற என்று கத்தினேன். ரசமட்டத்தைக் கொண்டுவந்தான். அதைத் தட்டிவிட்டேன்.

"இருபத்தாறு வருஷமா இந்தக் கண்ணை வச்சுத்தான்டா பொழைக்கிறேன். குடிச்சிட்டு வந்தா கட்டின?"

சித்தாள்கள் நாலு பேரும் நின்று பார்த்தார்கள். அவன் குடிக்க மாட்டான். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவன் கரணையைக் கழுவினான், கையைக் கழுவினான், போய்விட்டான்.

கடப்பாரையை எடுத்து நானே சுவரை இடித்தேன். கோணலாக இருந்தால் இடிக்கத்தானே வேண்டும்? இதில் என் தப்பு என்ன?

ஜனவரி 28, செவ்வாய்

அமிர்தவல்லி சோறு வைத்தாள். பேசவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெரம்பலூரில் கண்ணாடிக் கடை. இடது கண் கடைசி வரி வரைக்கும் படித்தது. வலது கண்ணுக்கு எத்தனையோ வில்லையை மாற்றி மாற்றிப் போட்டான். அந்த வட்டம் அசையவில்லை.

"அண்ணே, இது பவர் பிரச்சனை இல்ல. எந்தக் கண்ணாடி போட்டாலும் தெளியல. கண் டாக்டர்ட்ட காட்டிடுங்க, தள்ளிப் போடாதீங்க."

உனக்கு வேலை தெரியலன்னு சொல்லு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் யோசனை. புரையா? நாற்பத்தாறு வயதில் புரை வருமா? சர்க்கரையா? அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. கலவை தெறித்த சுண்ணாம்பா? நரம்பா? நரம்பென்றால் திரும்பாது என்பார்கள். ஒரு கண் போன மேஸ்திரியிடம் எவன் வீடு கட்டக் கொடுப்பான்?

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், இனி அதை அடித்து அழிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

புதுக் கொத்தனார் பெரியசாமி. முன் அறைச் சுவரைத் திரும்ப எழுப்பியாயிற்று, இப்போது சமையலறை. உள்ளே தள்ளு என்றால் தள்ளுகிறான், வெளியே என்றால் வெளியே. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. ஆள் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

காலையில் டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டேன். அமிர்தவல்லி பார்த்துவிட்டாள். பதினைந்து நாளில் முதல் பேச்சு: "எந்தக் கண்ணு?" சொன்னேன். செட்டிகுளம் மலை முருகன் கோவிலுக்குப் போய் ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள்.

ஒரு கண்ணுக்கு எதற்கு ஜோடி என்று கேட்டேன்.

"ஜோடியாத்தான் விக்கிறாங்க. உங்களுக்கு ரெண்டும் வேணும். என் தம்பி குடிக்க மாட்டான்னு தெரியாத கண்ணு நல்ல கண்ணா?"

 நாளை மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன்

டாக்டர் ஆர்த்தி. சின்ன வயது. சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்த பிறகு வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு ஒரு மெஷினில் ஸ்கேன். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். புரை இல்லை. கண் அழுத்தம் சரி. சர்க்கரை சரி. ரத்தக்குழாய் அடைப்பு இல்லை. நரம்பு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு 'இல்லை'க்கும் மூச்சு விட்டேன்.

அப்புறம் ஒரு அட்டையைக் கொடுத்தார். முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். இடது கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்.

"ஏங்க, அச்சடிச்சவன் கோணலா அடிச்சிருக்கான். நடுவுல கோடெல்லாம் வயிறு தள்ளுது" என்றேன்.

"இப்ப வலது கண்ணை மூடிட்டுப் பாருங்க."

ஒவ்வொரு கோடும் நூல் பிடித்தது போல நேராக நின்றது.

 ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஐயோ, அந்தச் சுவர்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" இல்லைங்க. "ஊசி, இன்ஹேலர், தோலுக்குக் களிம்பு?" எதுவுமே இல்லைங்க. மூன்றாவது முறையும் கேட்டார், மூன்றாவது முறையும் சத்தியமாக இல்லை என்றேன். அமிர்தவல்லிதான், "அந்தப் பொடி?" என்றாள்.

"பொடி மருந்தா? அது மூலிகைடி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை மாதம், எப்படி வலி போனது, பசி கூடியதா, தூக்கம் எப்படி, கோபம் வருகிறதா என்று கேட்டார். கோபத்துக்கு அமிர்தவல்லியே பதில் சொல்லிவிட்டாள்.

நான் மேஸ்திரி என்றதும் எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "சுவர்ல ஓதம் ஏறினா பூச்சு உப்பி நிக்கும்ல? அது மாதிரி விழித்திரைக்கு அடியில நீர் கோத்திருக்கு. அதான் நேர்க்கோடு வளைஞ்சு தெரியுது. இது பல காரணத்தால வரும். உங்களுக்கு அந்தப் பொடில ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு எனக்குச் சந்தேகம்."

தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்று எழுந்தேன். உட்காருங்க என்றார். இத்தனை மாதம் சாப்பிட்டதை ஒரே நாளில் விட்டால் உடம்பு படுத்துவிடுமாம். பொது டாக்டருக்குச் சீட்டு எழுதினார், பொடியையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே போய் அவர் சொல்கிறபடி குறைக்க வேண்டும். நீர் பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாக வடிந்துவிடும், வடியாவிட்டால் வேறு வழி பார்க்கலாம் என்றார்.

கண் பிழைத்துவிடும் போலிருக்கிறது. சந்தோஷம் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

டீச்சர் வீட்டில் சுவர் வேலையை நிறுத்திவிட்டேன். செப்டிக் டேங்க் குழி மட்டும் வெட்டுகிறார்கள். பூவரசன் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பாடாலூருக்குப் போனேன். பூவரசன் வாசலில்தான் இருந்தான். வாங்க மாமா என்றான், தண்ணீர் கொடுத்தான். மரியாதையில் குறை வைக்கவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. எல்லாம் சொன்னேன். உன் சுவர் நேராத்தான்டா இருந்துச்சு, என் கண்ணுதான் கோணல், மன்னிச்சுரு மாப்ள என்றேன்.

"வூட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னா ஆச்சா மாமா? அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடில்ல கேட்டீங்க, குடிச்சிட்டா கட்டினன்னு. இப்ப போற எடத்துலயும் எங்கிட்டக்க வந்து மோந்து பாக்குறானுங்க."

அரியலூரில் சுரேஷ்குமார் மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சுரேஷ்குமார் காதில் விழுந்தால் போதும். கண் தெரியாத மேஸ்திரி என்று ஜெயங்கொண்டம் வரைக்கும் சொல்லிவிடுவான்.

பிப்ரவரி 19, புதன்

பூவரசன் வேலை செய்கிற இடத்துக்கே போகலாமா?

பிப்ரவரி 21, வெள்ளி

அந்தத் தெரு முனைவரை போனேன். டீ குடித்தேன். திரும்பிவிட்டேன். த்தூ.

பிப்ரவரி 24, திங்கள்

போய்விட்டேன்.

பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சுரேஷ்குமார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூவரசன் சாரத்தின் மேல் இருந்தான். யாரையும் தனியாகக் கூப்பிடவில்லை. கலவைச் சட்டியின் பக்கத்தில் நின்றபடி சத்தமாகவே சொன்னேன். "எல்லாரும் கேட்டுக்குங்க. பூவரசன் கட்டின சுவரு நேரா இருந்துச்சு. என் வலது கண்ணு கெட்டுப்போயி எனக்குக் கோணலாத் தெரிஞ்சுது. அவன் குடிக்கிற ஆளு இல்ல. நான் சொன்னது பொய்யி."

சுரேஷ்குமார், "அட, கண்ணு என்னாச்சு?" என்று எழுந்தார். அனுதாபமா, சந்தோஷமா, தெரியவில்லை. பூவரசன் இறங்கி வரவில்லை. அடுத்த செங்கல்லை வைத்தான். என் பக்கம் ஒரு தடவை பார்த்தது போல எனக்குப் பட்டது. என் கண்ணை நம்பி என்ன எழுதுவது?

மார்ச் 5, புதன்

விக்கிரமங்கலத்தில் பேசி வைத்திருந்த வீடு கைமாறிவிட்டது. "கண்ணு சரியாகட்டும் மேஸ்திரி, அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். நினைத்ததுதான். பொடி பாதியாகக் குறைந்திருக்கிறது, முழங்கால் திரும்ப வலிக்கிறது. மங்கல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. கட்டங்கள் இன்னும் வளைகின்றன.

மார்ச் 10, திங்கள்

எட்டு மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் பூவரசன் வந்தான். நான் கூப்பிடவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு முன் அறைச் சுவரில் குண்டை இறக்கிப் பார்த்தான், பரவாயில்லை என்று தலையாட்டினான். அப்புறம் சமையலறை. அங்கே இரண்டு முறை இறக்கினான். மறு மூலைக்குப் போய் மறுபடியும் இறக்கினான்.

"இதை யாரு கட்டினது?"

பெரியசாமி என்னைப் பார்த்தான். "மேஸ்திரி தள்ளச் சொன்னாரு, தள்ளினேன். கோணுதுன்னு தெரியும். ஆனா ஒங்களுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டப்பறம் எவன் வாயத் தொறப்பான்?"

"ஒரு இஞ்சு வெளிய நிக்குது மாமா" என்றான் பூவரசன். "இடிக்கணும்."

சித்தாள்கள் நாலு பேரும் நின்று பார்த்தார்கள். அன்று நின்ற அதே நாலு பேர்.

"இடி மாப்ள" என்றேன்.

குடிச்சிட்டா கட்டினீங்க என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.