இடது கையில் பிடித்துப் பார்

இழுப்பறையைத் திறந்ததும் குப்பென்று உன் தைல வாசனை. புது மேசை வந்திருக்கிறது, பழையதைக் காலி பண்ணச் சொன்னார்கள். அடியில், வயரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டபடி உன் மௌஸ். இவ்வளவு காலம் ஆகியும் அந்த வாசனை போகவில்லையடி. மரத்துப்போன விரல்களுக்கு நீ தேய்த்துத் தேய்த்து, என் டிபன் பாக்ஸ் வரைக்கும் அதுதான் மணக்கும். "உன் புளிசோத்துக்கு நான் போட்ட தாளிப்புடி" என்பாய். அப்போது எரிச்சலாக வரும். இன்று அதை மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

தையல் கடைக்கு மேலே அந்தச் சின்ன ஆபீஸில் நாம் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். பாகூர்ப் பக்கத்து விவசாயிகள் சிலருக்காக ஒரு வலைப்பக்கம் செய்துகொண்டிருந்தோம். கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டும் கிராஃப். கோட்டின்மேல் வரிசையாகப் புள்ளிகள். ஒரு புள்ளியின்மேல் மௌஸை வைத்தால் எந்தக் கிணறு, என்றைக்கு எடுத்த தண்ணீர், எவ்வளவு உப்பு என்று ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அழுத்தி இழுத்தால் அந்தப் பகுதி மட்டும் பெரிதாகும். கோடு வரைவது என் வேலை, மௌஸ் சம்பந்தப்பட்டது எல்லாம் உன் ராஜ்யம். அதில் என்னைக் கைவைக்கவே விடமாட்டாய்.

அந்த நேரம் பார்த்தா உனக்குப் புற்றுநோய் வரவேண்டும்? கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு, ஓய்வெடுத்தும் எடுக்காமலும் பஸ் பிடித்து வந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். விரல் நுனிகள் மரத்து, வலது கை நடுங்க ஆரம்பித்தது. மௌஸ் புள்ளியின்மேல் நிற்காது. பெட்டி திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். கிளிக் பண்ணப் போனால் கை நகர்ந்துவிடும். நீ இழுத்ததாக நினைத்துக்கொண்டு கிராஃப் பெரிதாகி, ஒரு லேசான மேடு திரை முழுக்க எழுந்து நிற்கும். "ஐயய்யோ, ஒரே தட்டுல பாகூரையே கடலாக்கிட்டேன் பாரு" என்று சிரித்தாய். சிரித்து முடித்ததும் கையை மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாய்.

நம் முதலாளி கெட்டவர் இல்லை. "நீ போன் மட்டும் எடுத்துப் பேசும்மா, அது போதும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். உனக்கு அது மூலையில் உட்காரவைத்த மாதிரி பட்டது. "வெவசாயிங்க பாக்க வர்ற அன்னிக்கு நான்தான் மௌஸைப் புடிச்சிக் காட்டுவேன் சார். முடியலன்னா அப்பறம் போன்ல குந்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாய். உன் வேலையையே பணயம் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி டீ குடிக்கக் கூப்பிட்டாய்.

"நான் மௌஸைப் புடிச்சிக்கிறேன், நீ பக்கத்துல நின்னு பேசுடி" என்றேன். பார்த்தாயே ஒரு பார்வை!

"என் கையை உன்னால சரி பண்ண முடியாது. கிராஃபை சரி பண்ணலாம் இல்ல? அத்தப் பண்ணு."

புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். பெட்டி மெதுவாக மூடும்படி மாற்றினேன். எனக்கு எல்லாமே ஒழுங்காக வேலை செய்தது, உனக்குத்தான் செய்யவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மௌஸைத் தூக்கி என் இடப்பக்கம் டொக்கென்று வைத்தாய். "இடது கையில புடிச்சிப் பாரு. அப்பத் தெரியும் சேதி." பிடித்தேன். ஒரு புள்ளியைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை. எனக்கே ரோஷம் வந்துவிட்டது.

அதன்பிறகு நீ சொல்லச் சொல்ல மாற்றிக்கொண்டே போனோம். புள்ளியின்மேல் சரியாக வைக்கவே வேண்டாம், கிராஃபுக்குள் எங்கே வைத்தாலும் பக்கத்தில் இருக்கும் புள்ளி பதில் சொல்லட்டும் என்றாய். ஒருமுறை கிளிக் பண்ணினால் பெட்டி அப்படியே நிற்கவேண்டும். அழுத்திய இடத்திலிருந்து நன்றாக நகர்ந்தால்தான் அது இழுப்பு, லேசாக அசைந்தால் வெறும் கிளிக். "அப்பவும் தப்பா இழுத்துட்டா?" என்றேன். "ரெண்டு தட்டு தட்டினா பழையபடி ஆயிடணும். தப்பு யாருதான் பண்ணல? திரும்பி வர்றதுக்கு வழி வேணும், அவ்ளோதான்" என்றாய். அன்றைக்கு அதை ஒரு வேலையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

விவசாயிகள் வந்த நாளில் முதலாளி கதவோரம் நின்றார். நீ மௌஸைப் பிடித்தாய். உன் கை நடுங்கியது, திரை நடுங்கவில்லை. கிணறு கிணறாகத் தொட்டுக் காட்டினாய். வந்திருந்த ஒரு அம்மா, "நான் ஒரு தபா அமுக்கிப் பாக்கட்டுமா பாப்பா?" என்று கேட்டார். மௌஸைத் தொட்டே பழக்கமில்லை அவருக்கு. அவருடைய கிணற்றின் கோட்டைத் திறந்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாய். பயத்தில் அவர் கை உன் கையைவிட அதிகமாக ஆடியது. புள்ளிக்கு எங்கேயோ தள்ளி அமுக்கினார். பெட்டி திறந்து அசையாமல் நின்றது.

"எங்கியோ வெச்சேன், எங்க கெணத்து உப்பை சரியா சொல்லுதே!"

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்த முகம் எனக்குப் போதும்டி, ஆயுசுக்கும் போதும். முதலாளி அதற்கப்புறம் போன் பேச்சை எடுக்கவே இல்லை. "மழை கிராஃபையும் இதே மாதிரி பண்ணிடும்மா" என்றார், உன்னைப் பார்த்து.

மழை கிராஃபை நீ பாதியில் விட்டுவிட்டுப் போனாய். கருவடிக்குப்பத்தில் உங்கள் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் வலது கை ஆடாமல் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மிச்சத்தை நான் முடித்தேன். எங்கே தொட்டாலும் பதில் சொல்கிறது, நீ பார்த்திருந்தால் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்திருப்பாய்.

உனக்கு நான் நன்றி என்று சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் கேலி பண்ணியே கொன்றிருப்பாய். இப்போது சொல்கிறேன், என்ன பண்ணிவிடுவாய்? என் வேலையில் நல்லது என்று நாலு பேர் சொல்வது எல்லாம் நீ என் இடப்பக்கம் மௌஸை வைத்ததிலிருந்து வந்தது. நன்றியடி.

இன்று மத்தியானம் ஒரு புதுப் பக்கம் முடிந்தது. வழக்கம்போல் கடைசியாக ஒருமுறை, உன் மௌஸையே மாட்டி, இடப்பக்கம் வைத்துக் கிராஃபைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "நீங்க லெஃப்ட் ஹேண்டாக்கா? இத்தினி நாளா தெரியாதே" என்றாள்.

"இல்லம்மா," என்றேன். "இது என் சிநேகிதி கை."